சூரியனுக்கு ஒரு பதிவேடு

தாது வருஷப் பஞ்சம் வராமல் இருந்திருந்தால், கொடைக்கானல் மலையில் சூரியனைப் பார்க்கும் தொலைநோக்கி வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். 1876இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டி எடுத்த அந்தப் பஞ்சத்தின் கதையைத் திண்டுக்கல் சீமையில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் பாட்டிமார் வாயால் கேட்டு வளர்ந்தோம். புளியங்கொட்டையை வறுத்துத் தின்றது, எறும்புப் புற்றைக் கிளறித் தானியம் பொறுக்கியது, வீட்டைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டுக் கண்டிச் சீமைக்குப் பிழைக்க நடந்தது என்று அந்தக் கதைகளுக்கு முடிவே இருக்காது.

மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி ஆட்சியில் இருந்தவர்களையும் விடவில்லை. சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றி மறைகின்றன. அவை கூடுவதும் குறைவதும் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு சுற்று என்பது அப்போதே தெரிந்திருந்தது. அந்த ஏற்ற இறக்கத்துக்கும் நம் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்று அன்றைய அறிஞர் பலர் எண்ணினார்கள். உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டுமானால் சூரியனை நாள் தவறாமல் பார்த்துக் குறித்துவைக்க ஓர் இடம் வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வானாய்வகம் இருந்தது. ஆனால் கடலோரப் பட்டணத்தின் தூசியும் புழுக்கமும் இந்த வேலைக்கு ஒத்துவரவில்லை. அந்த ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்த மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் சுற்றிப் பார்த்தார். கடைசியில் கொடைக்கானல் முடிவானது. 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899இல் ஆய்வகம் மலைக்கு மாறியது.

கடல் மட்டத்துக்கு மேல் 2,343 மீட்டர் உயரம் அது. வத்தலக்குண்டுப் பக்கம் வயலில் நின்றால் நீலமாகத் தெரிகிற மலையின் உச்சி. கீழே நம் முன்னோர் வானத்தை அண்ணாந்து பார்த்து மழைக்கு ஏங்கிக் கிடந்த காலத்தில், மேலே சிலர் மேகம் விலகாதா, சூரியன் முகம் காட்டாதா என்று காத்திருந்தார்கள். 1904 முதல் சூரியனின் முழு வட்டத்தையும் சாதாரண வெள்ளொளியில் படமெடுக்கத் தொடங்கினார்கள். அதைத் தொடர்ந்து கால்சியம் அணு உமிழும் ஒளியை மட்டும் பிரித்து எடுத்த படங்கள், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியில் எடுத்த படங்கள். ஒவ்வோர் ஒளியும் சூரியனின் ஒவ்வோர் அடுக்கைக் காட்டும். வெள்ளொளியில் புள்ளிகள் தெரியும்; கால்சியம் ஒளியில் அந்தப் புள்ளிகளைச் சூழ்ந்த பிரகாசத் திட்டுகள் தெரியும்; ஹைட்ரஜன் ஒளியில் காந்தப்புலம் தாங்கி நிறுத்தியிருக்கும் நீண்ட வாயு இழைகள் தெரியும். இன்றுவரை அந்த வேலை நிற்கவில்லை. இத்தனை காலம் ஒரே இடத்தில் இருந்து எடுத்த சூரியப் படத் தொகுப்பு உலகில் மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது. அதில் ஒன்று நம் மாவட்டத்தில் இருக்கிறது.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வானியல் படித்தவன் அல்ல. ஆனாலும் இந்த மலைமேல் வேலையின் அருமை எனக்குப் புரிந்ததற்குக் காரணம் உண்டு. இளநிலை உதவியாளராகச் சேர்ந்த காலத்தில் தாலுகா அலுவலக முற்றத்து மழைமானியை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். காலை எட்டரை மணிக்குப் புனலை எடுத்து, உள்ளே சேர்ந்த நீரை அளவுக் குடுவையில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். திண்டுக்கல் மண்ணில் பெரும்பாலான நாட்களுக்கு எழுதக் கிடைப்பது பூஜ்யம்தான். மழை இல்லாத நாளுக்கு எதற்கு எழுத வேண்டும் என்று நான் ஒருமுறை கேட்டபோது, தலைமை எழுத்தர் ஐயா கோபிக்காமல் சொன்னார்: “தம்பி, எழுதாமல் விட்ட கட்டத்தைப் பார்த்தால், மழை பெய்யவில்லையா நீ பார்க்கவில்லையா என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?” சூரியனுக்கும் அதே கணக்குதான். 2008ஆம் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் சூரியனில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த வெறும் முகத்தையும் எடுத்து வைத்திருப்பதால்தான் அந்த முறை சுற்று எவ்வளவு மந்தமாக இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அந்த 11 ஆண்டுச் சுற்றைக் கண்டுபிடித்தவர் கதையை நான் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஜெர்மனியில் டெஸ்ஸாவ் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர் ஹைன்ரிக் ஷ்வாபே. புதன் கோளுக்கும் உள்ளே, சூரியனுக்கு மிக அருகில் இன்னொரு கோள் சுற்றுகிறது என்று அக்காலத்தில் நம்பினார்கள். அது சூரியனுக்குக் குறுக்கே வரும்போது கரும்புள்ளியாகத் தெரியும். அதைப் பிடித்துவிடலாம் என்று 1826இல் ஒரு சிறு தொலைநோக்கியோடு உட்கார்ந்தார். கோள் எது, சூரியனின் சொந்தப் புள்ளி எது என்று பிரித்தறிய எல்லாப் புள்ளிகளையும் எண்ணிக் குறிக்க வேண்டியிருந்தது. தெளிந்த நாள் ஒன்றையும் விடாமல் எண்ணினார். அவர் தேடிய கோள் கிடைக்கவே இல்லை. அப்படி ஒரு கோளே கிடையாது. ஆனால் பதினேழு ஆண்டுக் குறிப்புகளைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது புள்ளிகள் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரிந்தது. 1840களின் தொடக்கத்தில் அதை வெளியிட்டார். பெரிய கருவியோ பட்டமோ அவரிடம் இல்லை. விடாமல் எழுதிய நோட்டு இருந்தது.

கொடைக்கானலுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. ஜான் எவர்ஷெட் 1907இல் இங்கே வந்து சேர்ந்தவர். கருவிகளைத் தன் கையாலேயே செப்பனிட்டு, கிடைத்த உறுப்புகளைச் சேர்த்து நிறமாலைக் கருவி அமைத்துக்கொள்ளத் தெரிந்த மனிதர். 1909 ஜனவரியில் ஒரு சூரியப் புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, நிறமாலைக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தை விட்டுச் சற்று விலகியிருந்தன. புள்ளியின் நடுவில் இருந்து விளிம்பை நோக்கி வாயு கிடைமட்டமாகப் பாய்கிறது என்பதை அந்த விலகல் காட்டியது. நொடிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் வேகம். உலகம் முழுக்கச் சூரிய இயற்பியல் பாடப் புத்தகங்களில் அது எவர்ஷெட் விளைவு என்றே இருக்கிறது. 2008இல் நம் அஞ்சல் துறை அதற்குத் தபால்தலை வெளியிட்டது. அவருடைய மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியல் அறிந்தவர். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றி ஆராய்ந்தவர்.

எவர்ஷெட்டின் பெயர் நின்றுவிட்டது. அவருக்கு முன்னும் பின்னும் தினம் காலையில் குவிமாடத்தைத் திறந்து, கண்ணாடித் தகட்டைப் பொருத்தி, படமெடுத்து, இருட்டறையில் கழுவி, தேதியும் நேரமும் எழுதி அடுக்கியவர்களின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தந்தைக்குப் பின் மகன் என்று அந்த வேலைக்கு வந்தவர்களும் உண்டு. தை மாதக் குளிரில் விரல் விறைக்கும் மலை அது. ஐப்பசியில் மேகம் இறங்கிவிட்டால் அரை மணி நேர இடைவெளிக்காக நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். தான் எடுக்கிற இன்றைய படத்தால் என்ன பயன் என்று அவர்களால் சொல்லியிருக்க முடியாது. எனக்கு அவர்கள்மேல் இருக்கும் மரியாதை, பெரிய கண்டுபிடிப்பாளர்கள்மேல் இருப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

1960ஐ ஒட்டி அங்கே சுரங்கத் தொலைநோக்கி வந்தது. அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு தட்டைக் கண்ணாடிகள். முதல் கண்ணாடி சூரியன் நகர நகரத் தானும் திரும்பி ஒளியைப் பிடித்து இரண்டாவதற்குத் தரும்; அது ஒளியை நேராகக் கீழே இறக்கும். அடியில் இன்னொரு கண்ணாடி அதைக் கிடைமட்டமாகத் திருப்பி, 60 மீட்டர் நீளமுள்ள நிலத்தடிச் சுரங்கத்துக்குள் அனுப்பும். உள்ளே 38 சென்டிமீட்டர் வில்லை ஒன்று 34 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சூரியனின் பிம்பத்தை விழச் செய்யும். எதற்காக மண்ணுக்குள் போக வேண்டும் என்றால், வெயிலில் சூடேறும் காற்று அலைந்து பிம்பத்தைக் கலக்கிவிடும். சுரங்கத்துக்குள் வெப்பநிலை அதிகம் மாறாது. ஒளிக்குத் தேவை அசையாத காற்று. அதற்கு அறுபது ஆண்டுக்கு முன் கண்ட வழி இது, இன்றும் பயன்படுகிறது.

சரி, மழைக்கும் புள்ளிக்கும் உள்ள தொடர்பு என்ன ஆயிற்று? பஞ்சத்தில் பிறந்த அந்தக் கேள்விக்கு எதிர்பார்த்த விடை கிடைக்கவில்லை. புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்து இந்த ஆண்டு திண்டுக்கல்லில் மழை எவ்வளவு என்று சொல்ல இன்றும் முடியாது. நம் மழையைத் தீர்மானிப்பதில் பசிபிக் பெருங்கடலின் சூடும் இந்தியப் பெருங்கடலின் சூடும் காற்றோட்டமும் பெரிய பங்கு வகிக்கின்றன. அப்படியானால் செலவும் உழைப்பும் வீணா என்று சிலர் கேட்கக்கூடும். வீணில்லை. எதற்காகத் தொடங்கினோமோ அதற்கு உதவாவிட்டாலும், நேர்மையாக எழுதிவைத்த குறிப்பு வேறொரு கேள்விக்கு விடையாகக் காத்திருக்கும். ஷ்வாபேக்கு நடந்தது கொடைக்கானலுக்கும் நடந்தது.

இப்போது உலகில் வந்திருக்கும் புதுத் தொலைநோக்கிகளைப் பார்க்கிறபோது எனக்கு இந்த எண்ணம் இன்னும் உறுதிப்படுகிறது. 2025 ஜூனில் சிலி நாட்டு மலை ஒன்றிலிருந்து வேரா ரூபின் ஆய்வகத்தின் முதல் படங்கள் வெளிவந்தன. 8.4 மீட்டர் ஆடி, 3,200 மெகாபிக்சல் கேமரா. கேமராவே ஒரு கார் அளவு இருக்கும். அதன் பெருமையைக் கருவியின் அளவில் மட்டும் தேடக் கூடாது. தென்வானம் முழுவதையும் சில இரவுகளுக்கு ஒருமுறை படமெடுத்து முடித்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கி, பத்தாண்டு காலம் அதையே செய்வது அதன் திட்டம். வானத்தின் ஒவ்வோர் இடத்தையும் ஏறக்குறைய 800 முறை எடுக்கும். நேற்றுப் படத்தில் இல்லாத ஒளி இன்று வந்திருக்கிறதா, இருந்தது நகர்ந்திருக்கிறதா, மங்கியிருக்கிறதா என்று கணினி ஒப்பிட்டுச் சொல்லும். ஒன்றையே திரும்பத் திரும்பப் பார், தேதி போட்டு வை, ஒப்பிடு. நம் மலையில் 1904இல் கண்ணாடித் தகட்டில் தொடங்கிய அதே முறைதான் இது.

நம் நாட்டிலேயே உத்தராகண்டின் தேவஸ்தலில் 2022 முதல் இதே நோக்கத்தோடு ஒரு தொலைநோக்கி இயங்குகிறது. அதன் நான்கு மீட்டர் ஆடி கண்ணாடியால் ஆனது அல்ல, பாதரசத்தால் ஆனது. குண்டானில் இருக்கும் ரசத்தைக் கரண்டியால் சுற்றிக் கலக்கினால் நடுவில் குழிந்து ஓரத்தில் உயர்கிறதே, அப்படி, பாதரசம் நிரம்பிய தட்டைச் சீராகச் சுழற்றினால் அதன் மேற்பரப்பு தானாகவே தொலைநோக்கிக்கு வேண்டிய வளைவைப் பெற்றுவிடுகிறது. திரவம் என்பதால் சாய்க்க முடியாது. நேர் உச்சியை மட்டுமே பார்க்கும். ஒவ்வோர் இரவும் அதே வானப் பட்டை. அதனாலேயே அந்தப் பட்டையில் நேர்கிற மாற்றம் எதுவும் அதற்குத் தப்பாது. பாதரசம் என்ற சொல் கொடைக்கானல்காரர்களுக்கு வேதனையான சொல். 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் கழிவு அங்குள்ள மண்ணையும் தொழிலாளர் உடம்பையும் பாதித்த கதையை நாம் மறக்க முடியாது. ஒரே பொருள் கவனத்தோடு கையாளும் இடத்தில் வானத்தைக் காட்டுகிறது. கவனம் தவறிய இடத்தில் தலைமுறைகளைக் கெடுக்கிறது.

விண்வெளிக்கே போய்விட்ட கருவிகளும் உண்டு. 2021 கிறிஸ்துமஸ் நாளில் ஏவிய ஜேம்ஸ் வெப், பதினெட்டு அறுகோணத் துண்டுகள் சேர்ந்த 6.5 மீட்டர் ஆடியோடு பூமிக்கு அப்பால் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்து அகச்சிவப்பு ஒளியில் அண்டத்தின் இளமைக் காலத்தைப் பார்க்கிறது. அதே 15 லட்சம் கிலோமீட்டரில், ஆனால் சூரியன் இருக்கும் பக்கமாக, நம் ஆதித்யா எல்-1 நிற்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று போய்ச் சேர்ந்தது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர். அதில் உள்ள ஏழு கருவிகளில் முதன்மையானது, சூரிய வட்டத்தை மறைத்துச் செயற்கைக் கிரகணம் உண்டாக்கி, சுற்றியுள்ள ஒளிவட்டத்தைப் படமெடுப்பது. அதைச் செய்தது பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம். கொடைக்கானல் ஆய்வகமும் அதே நிறுவனத்தின் கீழ்தான் வருகிறது. நிமிடத்துக்கு ஒன்று, நாளுக்கு 1,440 படம் என்று திட்டமிட்டு அமைத்த கருவி அது. நாளுக்கு ஒரு சில தகடுகள் எடுத்த மலையின் அடுத்த தலைமுறை இது.

புதியது வந்ததால் பழையது அருங்காட்சியகத்துக்குப் போய்விடவில்லை. பழைய தகடுகளையும் படச்சுருள்களையும் எண்ணிம வடிவுக்கு மாற்றிவிட்டார்கள். நூறு ஆண்டுப் படங்களைக் கணினி ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, திட்டுகளையும் இழைகளையும் தானே அடையாளம் காண்கிறது. மனிதர் உட்கார்ந்து செய்தால் ஓர் ஆயுள் போதாது. சூரியனின் துருவங்களில் காந்தப்புலம் எவ்வளவு என்று நேரடியாக அளப்பது ஒழுங்காக நடப்பது 1970களில் இருந்துதான். அதற்கு முன் எப்படி இருந்தது? கொடைக்கானலின் கால்சியம் படங்களில் துருவப் பகுதியின் ஒளித்திட்டுகளை எண்ணி அதை இப்போது கணிக்கிறார்கள். துருவக் காந்தப்புலம் தெரிந்தால் அடுத்த சுற்று பலமாக இருக்குமா, மெலிந்திருக்குமா என்று முன்கூட்டி ஊகிக்கலாம். 1910இல் தகடு கழுவிய கைக்கு இது எதுவும் தெரியாது.

ஊகித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புள்ளிகள் கூடும் காலத்தில் சூரியப் புயல்களும் கூடும். 1989 மார்ச்சில் சூரியப் புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறக்குறைய 60 லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருட்டில் வைத்தது. 2022 பிப்ரவரியில், ஏவிச் சில நாளே ஆன ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய நாற்பது, புயலால் தடித்த காற்று மண்டலத்தில் சிக்கி எரிந்து விழுந்தன. 2024 மே மாதம் வந்த புயலில் லடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது. துருவ ஒளி நம் நாட்டில் தெரிவது அபூர்வம். இன்று ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி விற்கிறவர் கைபேசியில் பணம் வாங்குகிறார். லாரி ஓட்டுநர் ஜிபிஎஸ் பார்த்து வழி போகிறார். மின்கட்டமைப்பும் செயற்கைக்கோளும் பாதிக்கப்பட்டால் அது இவர்கள் பிழைப்பையும் தொடும்.

வைணு பாப்புவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனமில்லை. 1960இல் கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்தவர். இரவு வானத்துக்கு நல்ல இடம் தேடி ஜவ்வாது மலையின் காவலூரைக் கண்டுபிடித்தார். வெளிநாட்டில் வாங்காமல் நம் நாட்டிலேயே 2.3 மீட்டர் தொலைநோக்கி செய்ய முடியும் என்று நின்றார். அது முடியும் முன் 1982இல் காலமானார். 1986இல் அந்தத் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரே வைத்தார்கள். அவர் பழக்கிய ஆட்கள்தான் வேலையை முடித்தார்கள். தான் பார்க்கப்போவதில்லை என்பதற்காக ஒரு வேலையை அரைகுறையாகச் செய்யாத மனிதர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள் என்பது எனக்கு இந்த வயதில் பெரிய ஆறுதல்.

ஏனென்றால் இதற்கு நேர்மாறானதையும் கண்டிருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், இடம் போதவில்லை என்று பழைய மழைப் பதிவேடுகளை மூட்டை கட்டி எடைக்குப் போட்டார்கள். சில ஆண்டு கழித்து, ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்ட வந்த பொறியாளர் பழைய பெருமழை அளவுகளைக் கேட்டு நின்றார். கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. எத்தனையோ பேர் எட்டரை மணிக்குத் தவறாமல் போய் அளந்து எழுதியது அத்தனையும் காகிதக் கூழாகிவிட்டது. மலைமேல் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் கண்ணாடித் தகடுகளைக் காத்துக் கொடுத்தவர்களை நினைக்கும்போது அந்த மூட்டைகள் என் கண்முன் வந்து நிற்கின்றன.

ஆகவே இளைஞர்களிடமும் என் வயதுக்காரர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியையும் தூண் பாறையையும் பார்ப்பதோடு அப்சர்வேட்டரிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கே உள்ள அருங்காட்சியகத்தில், மேகம் இல்லாத நாளில், சூரியனின் பிம்பத்தைப் பாதுகாப்பாகக் காட்டுவார்கள். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லிக்கொடுங்கள். கல்லூரியில் இயற்பியலோ கணினியோ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அந்த நூற்றாண்டுப் படத் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது, யாரும் எடுத்து ஆராயலாம் என்ற செய்தியைச் சொல்லுங்கள். உங்கள் தோட்டத்துக் கிணற்று நீர்மட்டமோ, மாமரம் பூக்கும் தேதியோ, வாசலில் பெய்த மழையோ, ஏதேனும் ஒன்றை இன்றிலிருந்து தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள். உங்கள் பெரியவர்கள் எழுதிவைத்த நோட்டு பரணில் கிடந்தால், தயவுசெய்து அதை எடைக்குப் போடாதீர்கள்.